பைக்குள் விழுந்த மாத்திரை

முதலில் வயிறுதான் வலித்தது. மதியம் மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் சாப்பிட்டிருந்தேன். வாயு என்று நினைத்தேன். நாங்கள் கருங்கல் என்ற ஊரின் பக்கத்துக்காரர்கள். எங்கள் ஊரில் வயிற்றில் என்ன வந்தாலும் முதல் சந்தேகம் மரச்சீனி மேல்தான் விழும். சுக்கு வெள்ளம் (தண்ணீரை எங்கள் பக்கம் வெள்ளம் என்போம்) குடித்தேன், கடையில் வாயு மாத்திரை வாங்கிப் போட்டேன், கவிழ்ந்து படுத்துப் பார்த்தேன். வலி விட்டு விட்டு வந்தது. விட்ட நேரத்தில் வீட்டு வேலையைப் பார்த்தேன். பச்சையாக வாந்தி எடுத்தபோதுதான் என் வீட்டுக்காரர் தங்கராஜ் தன் மளிகைக் கடையைப் பூட்டிவிட்டு என்னை நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனார்.

என் வயிற்றுக்குள் ஒட்டுதல் இருந்ததாம் (பழைய அறுவை சிகிச்சைத் தழும்பு உள்ளே பட்டைபோல வளர்ந்து குடலைக் கட்டிப்போடுவது). மகளைப் பெற்றபோது போட்ட தையலின் மிச்சம். அந்தப் பட்டைக்குள் சிறுகுடல் மாட்டி, முறுகி, ரத்தம் போகாமல் கறுத்துவிட்டது. கெட்ட பகுதியை வெட்டி எடுத்தார்கள். கண் விழித்தபோது வயிற்றின் வலது பக்கத்தில் ஒரு பை ஒட்டியிருந்தது. இலியாஸ்டமி என்றார்கள் (சிறுகுடலின் முனையை வயிற்றுத் தோல் வழியாக வெளியே எடுத்துவைத்து, கழிவு பைக்குள் விழும்படி செய்வது). சில மாதம் கழித்து மூடிவிடலாம் என்றும் சொன்னார்கள். அந்தச் "சில மாதம்" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.

பையை எப்படி ஒட்டுவது, எப்படிக் கழுவுவது என்று சொல்லித்தர ஆள் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது அதை அல்ல. தினமும் ஒரு மருந்தை விழுங்கித்தான் நிமிர்ந்து நடக்க முடியும் என்று இருக்கும் ஒருவருக்குக் குடல் குறைந்துபோனால் அந்த மருந்து என்ன ஆகும்? எனக்கு யாரும் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. இதே நிலையில் இருக்கும் யாராவது இதைப் படித்தால், என்னைவிடக் கொஞ்சம் முன்னதாகக் கேட்கட்டும்.

எனக்கு வலிப்பு நோய் உண்டு. பள்ளிக்கூடத்தில் காலை வணக்கத்துக்கு வரிசையில் நின்றபோது முதல்முறை விழுந்தேன். அன்றிலிருந்து மருந்து. கல்யாணப் பேச்சு வந்தபோது அப்பா மாப்பிள்ளை வீட்டில் எதையும் மறைக்கவில்லை. "சுகருக்கு மாத்திரை போடுகாங்க, பிரஷருக்குப் போடுகாங்க, இது மட்டும் என்ன?" என்று தங்கராஜ் கேட்டாராம். மனிதர் பேச்சில் கெட்டிக்காரர். மகள் பிறந்த பிறகு ஒரு தடவைகூட எனக்கு வலிப்பு வந்திருக்கவில்லை. அவள் இப்போது சென்னையில் வேலை பார்க்கிறாள். நான் ஸ்கூட்டர் ஓட்டினேன், சந்தைக்குத் தனியாகப் போய்வந்தேன், வீட்டில் தையல் மிஷின் போட்டுப் பிளவுஸ் தைத்துக் கொடுத்தேன். காலையும் மாலையும் ஒரு மாத்திரை. விழுங்கிவிட்டால் அதோடு அந்த நினைப்பு முடிந்தது.

அது மெதுவாகக் கரையும் வகை மாத்திரை (குடலுக்குள் பல மணிநேரம் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை விடுவது). ஆஸ்பத்திரியில் இருந்தவரை மருந்தை ஊசி வழியாக ஏற்றினார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது பழைய மாத்திரையையே தொடரச் சொன்னார்கள். இதில் யாரைக் குறை சொல்வது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. வயிற்று டாக்டர் வயிற்றைப் பார்த்தார். வலிப்பு டாக்டர் வேறொரு இடத்தில், நான் சுகமாக இருக்கிறேன் என்ற நினைப்பில் இருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் தீனம் கேட்க ஆள் வரத் தொடங்கியது. நோயாளியைப் பார்க்க வருவதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். நேந்திரம்பழம், ஹார்லிக்ஸ், பிஸ்கட், கூடவே தங்கள் குடும்பத்தில் யார் யாருக்கெல்லாம் வயிறு திறந்தார்கள் என்ற கதைகள். நான் சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொள்வேன். அவர்கள் என் முதுகிடம் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

வந்தவர்களில் போகாதவர் மைனி. மைனி என்று நான் கூப்பிடுவது என் வீட்டுக்காரரின் அக்காவை. பெயர் செல்லத்தாய். அடுத்த விளையில், அதாவது அடுத்த தோப்பில்தான் வீடு. புருஷன் இறந்தபிறகு அந்த விளையிலிருக்கும் தென்னைகள்தான் அவருக்கு வருமானம், பேச்சுத்துணை, எல்லாம். குடும்பத்தில் யாருக்காவது பெரிய நோய் வந்தால் ஒரு செவ்விளநீர் மரத்தை அந்த நோயாளியின் பெயரில் ஒதுக்கிவிடுவது மைனியின் வழக்கம். நோய் தீரும்வரை அந்த மரத்துக் காயை விற்க மாட்டார், வேறு யாருக்கும் வெட்ட மாட்டார். அவருடைய புருஷனுக்கு ஒரு மரம் ஒதுக்கியிருந்தார். அதற்குப் பிறகு எனக்கு.

"ஏட்டி, வெள்ளம் குடிச்சியா?" என்று கேட்டுக்கொண்டேதான் படியேறுவார். கையில் சீவிய கருக்கு இருக்கும். இளநீரை எங்கள் பக்கம் கருக்கு என்போம். காலையில் ஒன்று, வெயில் ஏறியதும் ஒன்று, வெயில் தாழ ஒன்று. இடையில் சீரக வெள்ளம். நான் போதும் என்றால், "பையில அம்புட்டு வெள்ளம் போகுதே, அதுக்கு ஈடு குடுக்காண்டாமா?" என்பார். கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது. கஞ்சியும் அவரே வைத்துக் கொண்டுவந்தார். மைனிக்கு ரத்த அழுத்தம் உண்டு. உப்பைக் குறைக்கச் சொல்லி டாக்டர் அவரிடம் சொன்னதை உலகத்துக்கே சொன்னதாக எடுத்துக்கொண்டவர் அவர். எனக்கு வந்த கஞ்சியில் உப்புக் கல் ஒன்றுகூடக் கிடையாது.

பை நிரம்பிக்கொண்டே இருந்தது. கழுவிவிட்டு வந்து படுத்தால் மறுபடி கனக்கும். தண்ணீராகவே போனது. ஓரம் கசிந்து தோல் எரிந்தது. நிறையப் போவதால் நிறையக் குடித்தேன். நிறையக் குடித்ததால் நிறையப் போனது என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. கழிவெல்லாம் வெளியேறுவது நல்லதுதானே என்று தங்கராஜ்கூடச் சொன்னார். எழுந்து நின்றால் கண் இருட்டியது. ஆபரேஷன் பலவீனம் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம்.

அந்த நாட்களில் ஒரு காலை பையைக் காலி செய்யும்போது ஏதோ வெள்ளையாக வந்து விழுந்தது. முதலில் பூசணி விதை என்று நினைத்தேன். பிறகுதான் நான் பூசணியே சாப்பிடவில்லை என்பது நினைவுக்கு வந்தது. நீள்வட்டமாக, ஓரம் மட்டும் லேசாக ஊறி, முழுசாகக் கிடந்தது. என் மாத்திரை.

அதைப் பார்த்து நான் பயப்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்த வகை மாத்திரை மருந்தை விட்டபிறகு வெறும் கூடாக வெளியே வருவதுண்டு என்று மருந்துக்கடையில் எப்போதோ சொல்லியிருந்தார்கள். அது பொய்யும் அல்ல. பலருக்கு அப்படி வரும். கூடுதான் என்று தண்ணீரை ஊற்றிவிட்டேன். அடுத்த நாளும் வந்தது. அதையும் ஊற்றிவிட்டேன்.

பிறகு ஒரு நாள், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், சாப்பாட்டறைக்கும் சமையலறைக்கும் நடுவில் விழுந்தேன். விழுந்தது எனக்குத் தெரியாது. தெரிந்தது, கன்னத்துக்குக் கீழே தரையின் குளிர்ச்சி, வாயில் ரத்தத்தின் உப்பு, மேலே மைனியின் முகம். நாக்கைக் கடித்திருந்தேன். பை கழன்று சேலையெல்லாம் நனைந்திருந்தது. "மக்கா, மக்கா" என்று மைனி என் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் வராமல் இருந்தது வந்துவிட்டது என்று புரிந்ததும் நான் அழுதேன். வயிற்றை வெட்டியதற்குக்கூட நான் அப்படி அழுததில்லை.

வலிப்பு இல்லாதவர்களுக்கு இது புரியாது. ஒரு முறை வந்தால் உங்கள் தனிமையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அடுப்புப் பக்கம் போகாதே என்றார்கள். தையல் மிஷினில் துணியைப் போட்டு மூடினார்கள். ஸ்கூட்டர் சாவி தங்கராஜின் சட்டைப்பைக்குள் போய்விட்டது. குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போடக் கூடாது. நான் குளிக்கும்போது மைனி வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "ஏட்டி, இருக்கியா?" என்று கேட்பார். "இருக்கேன், மைனி." கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "ஏட்டி, இருக்கியா?" பையைச் சுத்தம் செய்யும் அந்த ஒரு வேலையாவது யாருக்கும் தெரியாமல் நடக்கட்டும் என்று நினைத்திருந்தேன். அதுவும் போயிற்று. எனக்கு வேண்டியதெல்லாம் பெரிய ஆரோக்கியம் ஒன்றும் இல்லை. ஒரு காலைப்பொழுது யாரும் காவல் இருக்காமல் என் வீட்டில் தனியாக இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

வலிப்பு டாக்டரிடம் போனோம். மாத்திரையைத் தவறவிட்டீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். தூக்கம்? காய்ச்சல்? இல்லை. ஆபரேஷன் ஆனதைச் சொன்னோம். உடம்புக்கு அது பெரிய அதிர்ச்சிதான் என்று அளவைக் கூட்டினார். பையில் வந்து விழுந்ததைப் பற்றி நான் சொல்லவில்லை. நரம்பு பார்க்கும் டாக்டரிடம் பையைப் பற்றி என்ன பேசுவது என்று நினைத்தேன். அளவு கூடியதும் பைக்குள் விழும் மாத்திரைகளும் கூடின. அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. ஒன்றைத் தண்ணீரில் அலசி, செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். தங்கராஜ் முகத்தைச் சுளித்தார். "கல்யாண ஆல்பத்துல சேக்கவா?" என்று கேட்டேன். சிரிக்கவில்லை.

தையலைப் பார்க்க வயிற்று டாக்டரிடம் போனபோது படத்தைக் காட்டினேன். அவர் படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார்.

"இது கூடு மட்டும்தானா, உள்ளே மருந்தும் இருக்கான்னு படத்துல சொல்ல முடியாதும்மா. ரத்தம் சொல்லும்" என்றார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன். மருந்தை விழுங்குவது வேறு, அது உடம்பில் சேர்வது வேறு. மாத்திரை முதலில் கரைய வேண்டும். கரைந்தது குடலின் சுவர் வழியாக ரத்தத்துக்குப் போக வேண்டும். இதை உறிஞ்சுதல் என்கிறார்கள். மெதுவாகக் கரையும் மாத்திரை, நீளமான ஒரு பாதையை நம்பிச் செய்தது. சிறுகுடலில் பாதி, பெருங்குடலில் மீதி என்று சாவகாசமாக மருந்தை விடும். எனக்கு அந்தப் பாதை நடுவிலேயே முடிந்து பையில் திறக்கிறது. மாத்திரை கரையத் தொடங்கும்போதே வெளியே வந்துவிடுகிறது. ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்தார்கள். இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை.

"இவ்வளவு நாளும் நான் மருந்து போட்டது?"

"போட்டீங்க. உடம்புக்குக் கிடைக்கல."

அந்தப் பதிலைக் கேட்டு எனக்குக் கோபம்தான் வந்தது. அவர்மேல் அல்ல, என் உடம்பின் மேல். கொடுத்ததை வாங்கிக்கொள்ளக்கூடத் துப்பில்லையா என்று இருந்தது.

மாத்திரையை நிறுத்திவிட்டு அதே மருந்தைச் சிரப்பாகக் கொடுத்தார்கள். சிரப் கரைய வேண்டியதில்லை, சிறுகுடலின் மேல்பகுதியிலேயே சேர்ந்துவிடும், ஆனால் சீக்கிரம் தீர்ந்தும்விடும். அதனால் நாளைக்கு மூன்று வேளை. பழைய மாத்திரையை உடைத்தோ பொடித்தோ போடலாமா என்று தங்கராஜ் கேட்டார். மெதுவாகக் கரையும் மாத்திரையைப் பொடித்தால் முழு மருந்தும் ஒரேயடியாக இறங்கிவிடும், ஆபத்து என்றார் டாக்டர். படிப்பவர்கள் இதை மட்டுமாவது மறக்க வேண்டாம். உங்கள் மாத்திரையை உங்கள் டாக்டரைக் கேட்காமல் உடைக்காதீர்கள்.

இனி எல்லாம் சரியாகும் என்று வீட்டுக்கு வந்தேன். சிரப்பின் தித்திப்பு நாக்கில் ஒட்டிக்கொண்டே இருந்தது. மைனியின் கருக்கும் தொடர்ந்தது. வலிப்பு வந்தபிறகு அவர் நாலாவது ஒன்றையும் சேர்த்திருந்தார். நான் மேலும் மெலிந்தேன். கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. ஒரு மாலை, கட்டிலில் உட்கார்ந்திருந்தபடியே, மைனி நீட்டிய டம்ளரைக் கையில் வாங்கியபடியே, மறுபடி வந்தது.

இரண்டாவது தடவைக்குப் பிறகு எனக்கு அழுகைகூட வரவில்லை. களைப்புதான் இருந்தது. செய்யச் சொன்னதையெல்லாம் செய்து, குடிக்கச் சொன்னதையெல்லாம் குடித்து, இதுதான் பலன் என்றால் இனி என்ன செய்வது? "ஆஸ்பத்திரிக்கு வரல்ல. என்னைய விடுங்க" என்று தங்கராஜிடம் சொன்னேன். அவர் சேலையை எடுத்துக் கொடுத்தார். பிறகு, "நீ வரலன்னா நான் மட்டும் போய் என்ன சொல்லது? எனக்குப் பை இல்லியே" என்றார். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போனோம்.

ரத்தத்தில் மருந்து இன்னும் குறைவாகத்தான் இருந்தது. அதைவிட மோசம், உப்பு மிகவும் இறங்கியிருந்தது. உப்பு அந்த அளவுக்கு இறங்கினால் வலிப்பு இல்லாதவருக்கே வலிப்பு வரலாம் என்றார் டாக்டர். அவர் வலிப்பு டாக்டருக்குப் போன் போட்டார். என் உடம்பின் இரண்டு பாகங்களைப் பார்க்கும் இருவர் முதல்முறையாகப் பேசிக்கொண்டார்கள். பேசி முடித்துவிட்டு அவர் எங்களிடம் திரும்பினார்.

"என்ன குடிக்கிறாங்க?"

தங்கராஜ் பெருமையாகவே சொன்னார். "நல்லா குடிக்கா, சார். நாலு கருக்கு. எல்லாம் செவ்விளநி, எங்க அக்காவுக்க விளையில உள்ளது. சீரக வெள்ளம் ஒரு பெரிய பிளாஸ்க். பெறவு கஞ்சி."

"கஞ்சியில உப்பு?"

"உப்பு போடமாட்டோம், சார். உப்பு கெடுதல்லா?"

டாக்டர் பேனாவை மேசைமேல் வைத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அவர் சொன்னது இது. குடல் வெறும் தண்ணீரை நாம் நினைப்பதுபோல உறிஞ்சுவதில்லை. உப்பும் கொஞ்சம் சர்க்கரையோ மாவுச்சத்தோ கூட வந்தால்தான் தண்ணீரை உள்ளே எடுக்கும். உப்புக் குறைந்த தண்ணீர் நிறைய இறங்கினால், உடம்பிலிருக்கும் உப்பு குடலுக்குள் கசியும். அதன் பின்னாலேயே தண்ணீரும் போகும். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் சோடியம் (சமையல் உப்பில் இருப்பது) குறைவு. முழுக் குடல் உள்ளவருக்கு அது ஒன்றும் செய்யாது. எனக்கு அது குடலைக் கழுவிவிடும் வேலையைச் செய்தது. குடல் ஓட்டமாக ஓடியது. சிரப்பும் கூடவே ஓடியது. நாங்கள் ஈடு கொடுப்பதாக நினைத்து ஊற்றிய ஒவ்வொரு டம்ளரும் உப்பையும் மருந்தையும் வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.

இனிமேல் தாகத்துக்கு உப்பும் சர்க்கரையும் அளந்து கலந்த கரைசல். வெறும் தண்ணீர், சாயா, இளநீர் எல்லாம் சேர்த்தே ஒரு சிறு அளவு. உப்புப் போட்ட கஞ்சி. சாப்பிடும்போது தண்ணீர் கிடையாது. முன்பும் பின்பும் இடைவெளி. சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்னால் லோபரமைடு (குடலின் ஓட்டத்தைத் தணிக்கும் மாத்திரை). குடல் மெதுவாக நடந்தால்தான் மருந்து சுவரோடு ஒட்டி நின்று உள்ளே போக நேரம் கிடைக்கும். இது எனக்குச் சொன்ன கணக்கு. உங்கள் சிறுநீரகமும் இதயமும் வேறாக இருக்கலாம். உங்கள் கணக்கை உங்கள் டாக்டரிடம் வாங்குங்கள்.

வீடு திரும்பும் வழியில் தங்கராஜ் ஒன்றையே மூன்று விதமாகக் கேட்டார். அக்காவிடம் யார் சொல்வது? கடைசியில், "கருக்க வாங்கி வச்சிருவோம், நான் குடிச்சிருகேன்" என்று ஒரு வழி கண்டுபிடித்தார். சில நாள் அப்படியே நடந்தது. மைனி கொண்டுவருவார், நான் வாங்கி வைப்பேன், அவர் போனதும் தங்கராஜ் குடிப்பார். அவருக்குச் சளி பிடித்தது. ஆனால் மைனி விவரமானவர். நான் குடிப்பதைப் பார்க்காமல் போகமாட்டேன் என்று ஒரு நாள் எதிரில் உட்கார்ந்துவிட்டார்.

"குடி, மக்கா. ஒனக்க மரத்துல உள்ளதாக்கும்."

எனக்கு இரண்டே வழி இருந்தது. அவர் மனதுக்காக வாங்கிக் குடிக்கலாம். குடித்தால் அன்றைக்கு ஒன்றும் ஆகாமலும் போகலாம். ஆனால் இந்த "போகலாம்" எனக்கு அலுத்துவிட்டிருந்தது.

"இல்ல, மைனி. கருக்கு எனக்கு ஆகல்ல. இதுனாலயும்தான் மருந்து உள்ள நிக்காம போச்சு, உப்பு எறங்கிச்சு. டாக்டர் சொன்னாரு."

மைனி டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்போ நானா ஒன்னைய விழத்தாட்டினேன்?"

இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அவர்மேல் கோபம் இருந்தது. அன்புக்கு என்னால் நன்றி சொல்லிச் சொல்லி மாளவில்லை. "தெரிஞ்சா செஞ்சீங்க?" என்று மட்டும் கேட்டேன். அவர் எழுந்தார். கருக்கை முற்றத்துத் தென்னையின் அடிமூட்டில் ஊற்றினார், டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

அதன்பிறகு அவர் வரவில்லை. காவலுக்கு ஆள் இல்லாமல் தங்கராஜ் கடையைப் பாதி நாள் அடைத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தார். அவரைவிட மைனியே மேல். அவராவது பேசுவார். இவர் என் கையையும் கண்ணையும் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் தும்மினால்கூட எழுந்து நின்றார்.

சில நாளிலேயே பை கெட்டியானது. தண்ணீர்ப் பதம் போய்க் கூழ்ப் பதம் வந்தது. இதை எழுதக் கூச்சப்படவேண்டிய வயதைக் கடந்துவிட்டேன். அந்தக் கூழைப் பார்த்து எனக்கு எவ்வளவு ஆறுதல் என்பது பை வைத்தவர்களுக்குத் தெரியும். நின்றால் கண் இருட்டவில்லை. கால் இழுக்கவில்லை. அடுத்த ரத்தப் பரிசோதனையில் உப்பும் மருந்தும் இருக்க வேண்டிய இடத்துக்கு வந்திருந்தன. டாக்டர் "கொள்ளாம்" என்றார், நன்றாக இருக்கிறது என்ற அர்த்தத்தில். அவரும் எங்கள் ஊர்க்காரர்தான் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அன்று மாலை மைனி வந்தார். கையை வீசிக்கொண்டு வந்தார். எனக்குத் தெரிந்து அவர் வெறுங்கையோடு எங்கள் படியேறியது அதுதான் முதல் தடவை. உட்கார்ந்தவருக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சேலை முந்தியை மடித்து மடித்துப் பிரித்தார்.

"ரத்தம் செரியா இருக்காமே. தம்பி சொன்னான்."

"ஆமா, மைனி."

"நான் இப்போ என்ன கொண்டு வரணும், ஏட்டி?"

"ஒண்ணும் வேண்டாம். சும்மா இரிங்க."

சும்மா இருப்பது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்பது எனக்குத் தெரியும். இருந்தார். விளக்கு போடும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம். இந்த நோயில் எனக்குக் கிடைத்த நல்ல நேரங்களில் அது ஒன்று.

மாதங்கள் போயின. வலிப்பு வரவில்லை. பையை மூடலாம் என்று டாக்டர் சொன்னபோது தங்கராஜ் நான் வாய் திறப்பதற்குள் சரி என்றுவிட்டார். எனக்கு அந்தச் சந்தோஷம் வரவில்லை. யோசித்தால் விசித்திரம்தான். வந்த நாளிலிருந்து நான் வெறுத்த பை அது. ஆனால் உள்ளே நடப்பதை எனக்குக் காட்டியதும் அதுதான். தண்ணீராகப் போனால் மருந்து நிற்கவில்லை என்று தெரியும். கெட்டியாக இருந்தால் நின்றது என்று நம்பலாம். மூடிவிட்டால் எதைப் பார்ப்பது?

"மூடினா மருந்து சேருதா இல்லியான்னு எனக்கு எப்படித் தெரியும், டாக்டர்?"

"குடலைச் சேர்த்த பிறகு உறிஞ்சுற அளவு மறுபடி மாறும்மா. ரத்தத்துல பார்த்துப் பார்த்து டோசைச் சரி பண்ணுவோம். உங்களுக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. எல்லாரும் அப்படித்தானே விழுங்குறாங்க."

மூடினார்கள். ஆஸ்பத்திரி, வலி, கஞ்சி, எல்லாம் இன்னொரு சுற்று. அதை எழுத எனக்குத் தெம்பில்லை. மருந்து மறுபடி மாத்திரையானது. பழைய வகை அல்ல, சீக்கிரம் கரைவது. முதலில் அளவு கூடிப்போய்ப் பகலெல்லாம் தூங்கி வழிந்தேன், குறைத்தார்கள். குறைத்தது போதுமா என்று மறுபடி ரத்தம் எடுத்தார்கள். முழங்கை மடிப்பில் ஊசி குத்தாத இடம் தேடித்தான் குத்த வேண்டியிருந்தது.

இப்போதும் சாப்பிடும்போது தண்ணீர் குடிப்பதில்லை, பழகிவிட்டது. மாத்திரையை வாயில் போட்டபிறகு முன்போல வேலைக்கு ஓடுவதில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறேன். இரைப்பையைத் தாண்டியிருக்குமா, தையல் போட்ட இடத்துக்கு வந்திருக்குமா என்று மனம் அதன் பின்னாலேயே போகும். வீட்டில் சுவர்க் கடிகாரம் ஒரு நேரம் காட்டுகிறது. என் குடலுக்கு வேறொரு நேரம் இருக்கிறது. நான் அந்த இரண்டாவதின்படிதான் எழுகிறேன், உண்கிறேன், வெளியே போகிறேன். முன்பெல்லாம் கடைசியாக வலிப்பு எப்போது வந்தது என்று யாராவது கேட்டால் மகளின் வயதைச் சொல்லிப் பெருமைப்படுவேன். இப்போது அப்படி நீளமாகச் சொல்ல வாய் வருவதில்லை.

போன வாரம் ஒரு காலை, மைனி அருமனையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். தங்கராஜ் கடைக்குக் கிளம்பி, வாசலில் பைக்கை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தார். எதையோ மறந்ததுபோல அலமாரியைத் திறந்து மூடினார்.

"நான் போகட்டா?" என்றார்.

"போங்க."

போனார். பைக் சத்தம் ரோட்டில் கலந்து மறைந்தது. வீட்டில் நான் மட்டும் இருந்தேன். இதற்காகத்தான் இத்தனை நாளும் ஏங்கினேன். கிடைத்ததும் பயம்தான் வந்தது. கை தானாக வயிற்றின் வலது பக்கத்துக்குப் போனது. அங்கே தழும்பு மட்டும் இருந்தது. காலையில் விழுங்கிய மாத்திரை எங்கே இருக்கிறது, எவ்வளவு கரைந்தது, எவ்வளவு ரத்தத்தில் சேர்ந்தது, எதுவும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு எழுந்து அரிசி கழுவினேன். அடுப்பைப் பற்றவைத்தேன். தையல் மிஷின் மேலிருந்த துணியை எடுத்து உதறி மடித்தேன்.

மதியம் தங்கராஜ் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தார். செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே சமையலறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்லியே?"

"இதுவரை ஒண்ணும் இல்ல" என்றேன்.